கலம் கெட்டது ஏன்? மணிமேகலையின் கலங்கேட்டு நிகழ்வுகளும் கருத்தளவை நெறியும்

ஆய்வுச் சுருக்கம்

மணிமேகலைக் காப்பியத்தில் கடற்பயண இடர்கள் பலமுறை பேசப்படுகின்றன. அவற்றை ஊழின் வெளிப்பாடாகக் கொள்ளும் வாசிப்பே பெருவழக்காக உள்ளது. அக்காப்பியத்தின் 27, 29ஆம் காதைகளில் இடம்பெறும் அளவையியற் பகுதிகளோ கதையோடு ஒட்டாத சமயச் சேர்க்கையாக ஒதுக்கப்படுவதுண்டு. இவ்விரு கருத்துகளையும் இக்கட்டுரை மறுபரிசீலனை செய்கிறது. கலங்கேட்டு நிகழ்வுகளில் பாத்திரங்கள் மேற்கொள்ளும் முடிவுகளை 29ஆம் காதை தரும் கருத்தளவை நெறியால் சோதிக்கும்போது, ஊழை விரைந்து காரணமாக்கும் முடிவைக் காப்பியமே பிழையெனக் காட்டுவது புலனாகிறது. கலம் கெட்டதற்கான காரணமும் மாந்தர் பிழைத்ததற்கான காரணமும் வெவ்வேறு வினாக்கள் என்பதும், அவற்றைக் காப்பியம் பெரும்பாலும் பிரித்தே வைத்துள்ளது என்பதும் இக்கட்டுரையின் முடிவுகள்.

திறவுச்சொற்கள்: மணிமேகலை, கலங்கேடு, கருத்தளவை, ஏதுப்போலி, ஆதிரை, சாதுவன், ஊழ்

1. முன்னுரை

2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது. அன்று ‘பிரதிபா காவேரி’ என்னும் எண்ணெய்க் கப்பல் தென்சென்னையின் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையருகே தரைதட்டியது. கப்பலை விட்டு உயிர்காப்புப் படகில் ஏறியவர்களின் படகு கவிழ்ந்ததில் மாலுமிகள் ஆறு பேர் உயிரிழந்தனர். கப்பலிலேயே தங்கியவர்கள் மீட்கப்பட்டனர். கப்பலும் மூழ்கவில்லை, அடுத்த சில நாள்களில் மீண்டும் கடலுக்குள் இழுக்கப்பட்டது. அதே பெசன்ட் நகரில்தான் டாக்டர் உ.வே.சாமிநாதையர் நூல்நிலையம் உள்ளது. 1898இல் மணிமேகலையை அரும்பதவுரையோடு பதிப்பித்துத் தமிழுலகுக்கு அளித்தவரின் ஏடுகள் அங்குப் பாதுகாக்கப்படுகின்றன. கலம் உடைவதையும், உடைந்த செய்தியை மாந்தர் எவ்வாறு அறிகின்றனர் என்பதையும் ஒருங்கே பேசும் தமிழ்க் காப்பியம் அது. இடத்தால் நேர்ந்த இவ்வண்மை தற்செயலானது. எனினும் இரண்டும் எழுப்பும் வினா ஒன்றே. ஒரு கலத்துக்குக் கேடு நேர்ந்தால், அதன் காரணம் இன்னது என எவ்வாறு துணிவது?

தமிழிலக்கியத்தில் இவ்வினாவுக்கு ‘ஊழ்’ என்னும் விடை எளிதாகக் கிடைத்துவிடுகிறது. இதற்குப் புறநானூற்றின் 192ஆம் பாடலுக்குக் கிடைத்துள்ள செல்வாக்கும் ஒரு காரணம். ஆற்று நீரோடு செல்லும் புணையைப் போல உயிர் முறைவழிச் செல்கிறது என்று கணியன் பூங்குன்றனார் கூறிய உவமை, நீரில் செல்லும் எல்லாக் கலங்களுக்கும் பொதுவிதியாகக் கொள்ளப்படுவதுண்டு. ஆனால் அவ்வுவமையில் வருவது மலையிலிருந்து இறங்கும் பேரியாற்றில் நீர்வழி இழுபடும் புணை. அதைச் செலுத்துவோர் எவரும் அங்குப் பேசப்படவில்லை. கடலில் செல்லும் நாவாய் அத்தகையதன்று. அதே தொகையின் 66ஆம் பாடலில் வெண்ணிக்குயத்தியார், கரிகாலனின் முன்னோரைக் கடலில் நாவாய் செலுத்திக் காற்றின் தொழிலை ஆண்டவராகப் போற்றுகிறார். காற்று அங்கு ஆளப்படும் பொருள். ஆகவே புணைக்குரிய உவமையை நாவாய்க்கு ஏற்றுவது சங்கப் பாடல்களின் அளவிலேயே பொருந்தாது.

மணிமேகலையில் இச்சிக்கல் மேலும் கூர்மை பெறுகிறது. வினைப்பயனை அழுத்தமாக நம்பும் பௌத்தக் காப்பியம் அது. அதே வேளையில், எவ்வகை அறிவு பிழைபடும், எவ்வகை அறிவு பிழைபடாது என்பதைத் தமிழில் விரிவாகப் பேசும் பழைய நூலும் அதுவே. 29ஆம் காதையின் அளவையியற் பகுதிக்கும் வடமொழி நியாயப் பிரவேசத்துக்கும் உள்ள உறவு, அதன் வழியாகக் காப்பியத்தின் காலம் ஆகியவை குறித்து எஸ்.கிருஷ்ணசாமி ஐயங்கார், எஸ்.குப்புசாமி சாஸ்திரி முதலியோர் ஆராய்ந்துள்ளனர். அவ்விவாதம் நூலின் மூலத்தையும் காலத்தையும் பற்றியது. அப்பகுதி காப்பியத்தின் கதைக்கு என்ன செய்கிறது என்பது தனி வினா. அதையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

2. காப்பியத்தில் கடல் இடர்கள்

மணிமேகலையில் கருதத்தக்க கடல் நிகழ்வுகள் நான்கு.

முதலாவது, ஆபுத்திரனின் பயணம் (காதை 14). சாவக நாட்டுக்குச் செல்லும் வங்கத்தில் அவன் ஏறுகிறான். காற்று கடுமையாக வீசிக் கடல் கலங்கியதால், மாலுமிகள் பாயை இறக்கி மணிபல்லவத்தில் ஒரு நாள் தங்குகின்றனர். கலம் கெடவில்லை.

இரண்டாவது, சாதுவனின் பயணம் (காதை 16). கணிகையிடமும் வட்டாட்டத்திலும் பொருளை இழந்த அவன், வாணிகரோடு கடல் கடந்து செல்கிறான். காற்று கலத்தைக் கவர்கிறது. ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்ட சாதுவன், அலைகளால் உந்தப்பட்டு நாகர் வாழும் மலையை அடைகிறான்.

மூன்றாவது, கம்பளச் செட்டியின் கலம் (காதை 25, 29). பீலிவளை பெற்ற சோழன் மகனை ஏற்றிவந்த அக்கலம், நள்ளிருளில் கரைக்கு அண்மையில் கெடுகிறது. குழந்தை காணாமற் போகிறது.

நான்காவது, கோவலனின் முன்னோன் ஒருவன் சென்ற வங்கம் நடுக்கடலில் மூழ்கியது (காதை 29). ஏழு நாள் கடலில் உழன்ற அவனை மணிமேகலா தெய்வம் காத்தது.

இந்நான்கையும் அருகருகே வைத்து நோக்கினால் ஒரு சீர்மை தெரிகிறது. சாதுவனின் கலம் கெட்டதற்குக் காப்பியம் கூறும் காரணம் காற்று. கம்பளச் செட்டியின் கலத்துக்கு இருளும் கரையின் அண்மையும் ஆகிய சூழல் மட்டுமே கூறப்படுகிறது. முன்னோனின் வங்கம் மூழ்கியது என்பதற்கு மேல் செய்தியில்லை. கலத்திலிருந்தோரின் தீவினையால் கலம் உடைந்தது என்று இந்நிகழ்வுகளில் கூறப்படவில்லை. வினையும் சீலமும் வேறோர் இடத்தில் வருகின்றன. முன்னோன் ஏன் காக்கப்பட்டான் என்ற வினாவுக்கு விடை, அவன் வழுவாது கொண்ட சீலம். அதாவது, கலம் ஏன் கெட்டது என்பதற்கு இயற்கைக் காரணமும், இவர் ஏன் பிழைத்தார் என்பதற்கு அறக் காரணமும் தரப்படுகின்றன. இவ்விரு வினாக்களையும் ஒன்றாக்கிவிடும்போதுதான் ‘ஊழே கலத்தைக் கவிழ்த்தது’ என்ற வாசிப்பு பிறக்கிறது.

29ஆம் காதையின் அமைப்பும் கவனத்துக்குரியது. அளவையியற் பாடத்துக்குப் புகழ்பெற்ற அக்காதை, தொடக்கத்தில் மூன்றாம், நான்காம் நிகழ்வுகளை அறவண அடிகளின் வாய்மொழியாக அடுத்தடுத்து உரைக்கிறது. அதன் பின்னரே அளவைகளைப் பற்றிய விளக்கம் வருகிறது. கலங்கேட்டைக் கேட்ட செவியிலேயே காரணத்தை அறியும் நெறியும் விழுகிறது. இவ்வைப்புமுறை, அளவையியற் பகுதியைக் கதையிலிருந்து அறுத்து வாசிப்பதற்குத் தடையாக நிற்கிறது.

3. பிழைத்தோர் கொண்ட முடிவு

சாதுவன் சென்ற கலம் உடைந்தபின், அதில் சென்றவருள் உயிர் பிழைத்த சிலர் புகாருக்குத் திரும்புகின்றனர். நள்ளிரவில், பெருங்கடலில், கலம் உடைந்து இறந்தோருடன் சாதுவனும் இறந்தான் என்று அவர்கள் கூறுகின்றனர். இது பொய்யுரையன்று, அவர்கள் நேர்மையாகக் கொண்ட முடிவு. ஆனால் அது தவறான முடிவு. சாதுவன் உயிரோடிருக்கிறான்.

இம்முடிவை அதன் உறுப்புகளாகப் பிரித்துக் காணலாம். ‘சாதுவன் இறந்தான்’ என்பது பக்கம். ‘உடைந்த கலத்தில் இருந்தமையால்’ என்பது ஏது. ‘அக்கலத்தில் இருந்து இறந்த பிறரைப் போல’ என்பது எடுத்துக்காட்டு. மேலோட்டமாகப் பார்த்தால் வாதம் நிறைவானது போலத் தோன்றுகிறது. 29ஆம் காதை கூறும் விபக்கத்தை நோக்கும்போது அது சரிகிறது. ஏது செல்லுபடியாக வேண்டுமெனில், அது சபக்கத்தில் காணப்பட வேண்டும். விபக்கத்தில் காணப்படக் கூடாது. இங்கு விபக்கம் என்பது இறவாதவர்களின் கூட்டம். உடைந்த கலத்தில் இருந்தும் இறவாதவர் எவரேனும் உளரா? உளர், செய்தி கூறுகின்றவர்களே அவர்கள். தம் முடிவுக்கு எதிரான எடுத்துக்காட்டாகத் தாமே நின்றுகொண்டு அவர்கள் அம்முடிவை உரைக்கின்றனர். சபக்கத்துக்கும் விபக்கத்துக்கும் பொதுவாக நிற்கும் இத்தகைய ஏதுவை அக்காதை சாதாரணம் என்னும் அநைகாந்திக வகையில் வைக்கும்.

இதே பிழையை மற்றொரு கோணத்திலும் அக்காதை விளக்க உதவுகிறது. காரணத்தைக் கொண்டு காரியத்தை உணர்தல், காரியத்தைக் கொண்டு காரணத்தை உணர்தல், பொதுமையைக் கொண்டு உணர்தல் எனக் கருத்தளவையை வகுக்கும் அறவண அடிகள், அவை பிழைபடுதலும் உண்டு என்கிறார். நெருப்பிலிருந்து எழும் புகையைக் கொண்டு நெருப்பை உணர்வது போன்ற காரியக் கருத்தே பிழையாதது என்று தெளிவுபடுத்துகிறார். பிழைத்தோர் கொண்டது காரணக் கருத்து. கலம் உடைந்தது என்ற காரணத்திலிருந்து இறப்பு என்ற காரியத்துக்கு அவர்கள் தாவினர். கருமுகில் திரண்டாலும் மழை பெய்யாமற் போகலாம். கலம் உடைந்தாலும் ஒருவன் மரத்தைப் பற்றி மிதக்கலாம். இடையில் வேறொன்று குறுக்கிடக்கூடும் என்பதே காரணக் கருத்தின் வலுவின்மை.

27ஆம் காதையில் அளவைவாதி கூறும் பிழையறிவு எட்டனுள் ‘தேராது தெளிதல்’ ஒன்று. வெளியில் நிற்கும் தறியை ஆராயாமல் மனிதன் எனத் துணிவது அதற்குத் தரப்படும் எடுத்துக்காட்டு. நள்ளிரவு என்று பிழைத்தோர் கூறுவது இங்குப் பொருள் பெறுகிறது. சாதுவன் இறந்ததை அவர்கள் கண்டதாகக் கூறவில்லை. இருளில் காணாமற் போனதையே இறப்பாகத் தெளிந்தனர். காணாமையை இன்மையாகக் கொள்ளும் இப்பழக்கம் காப்பியத்தில் மற்றோரிடத்திலும் அதன் மறுதலையாக வருகிறது. மணிபல்லவத்தில் இறங்கிய ஆபுத்திரன் மீண்டும் ஏறிவிட்டான் என்று எண்ணி, இருளில் பாயை விரித்துச் செல்கிறது சாவகம் செல்லும் கலம். அங்கு இல்லாதவன் இருப்பதாகவும், இங்கு இருப்பவன் இல்லாதவனாகவும் கருதப்படுகின்றனர். இரண்டிலும் இருள் பொதுவானது; சோதிக்காமல் துணிந்ததும் பொதுவானது. ஆபுத்திரன் அத்தீவில் உண்ணாநோன்பிருந்து உயிர் துறக்கிறான். ஆராயாத் துணிபின் விலை அங்கு ஓர் உயிர்.

கண்ணால் கண்டதும்கூடப் போதாத சூழலைப் பிற்காலக் காப்பியமான சீவக சிந்தாமணி காட்டுகிறது. காந்தருவதத்தையார் இலம்பகத்தில் வணிகன் சீதத்தன் தன் கலம் மூழ்குவதைத் தானே காண்கிறான். ஆனால் அது தரன் என்னும் விஞ்சையன் செய்த மாயை. கலமும் உடனிருந்தோரும் கேடின்றி இருந்தமை பின்னர் அவனுக்குத் தெரியவருகிறது. சிந்தாமணியில் பிழைபடுவது காண்டல். மணிமேகலையில் பிழைபடுவது கருதல். கலங்கேட்டுச் செய்தியை உள்ளவாறே ஏற்றுக்கொள்ளக் கூடாது என்ற எச்சரிக்கை இரு காப்பியங்களுக்கும் பொதுவாகிறது.

4. ஆதிரை கொண்ட முடிவு

பிழைத்தோரின் தவறான முடிவு ஒரு பெண்ணைத் தீக்குள் செலுத்துகிறது. கணவன் இறந்தான் என்று கேட்ட ஆதிரை, சுடுகாட்டில் தீ வளர்த்து அதனுள் புகுகிறாள். தீ அவளைச் சுடவில்லை. அப்போது ஆதிரை ஒரு காரணத்தைத் துணிகிறாள்: தீயும் கொல்லாத அளவுக்குத் தான் தீவினை உடையவள் என்று.

இவ்விடம் இக்கட்டுரையின் நோக்கில் மையமானது. ஆதிரையின் முடிவு காரியக் கருத்து வகையைச் சேர்ந்தது. தீ சுடவில்லை என்ற காரியத்திலிருந்து அதன் காரணத்துக்கு அவள் செல்கிறாள். பிழையாதது என்று அறவண அடிகள் கூறும் வகை அது. ஆயினும் முடிவு பிழையாகிறது. உடனே அசரீரி ஒலிக்கிறது: சாதுவன் அலைகளால் கொண்டு செல்லப்பட்டு நாகர் மலையில் சேர்ந்துள்ளான், சந்திரதத்தன் என்னும் வாணிகனின் வங்கத்தில் மீள்வான். தீ சுடாமைக்குக் காரணம் அவளது தீவினை அன்று. அவள் இறக்க வேண்டிய நிலையே இல்லை என்பது.

காரியக் கருத்து எப்போது பிழைபடாது என்ற நிபந்தனையை இந்நிகழ்வு வெளிக்கொணர்கிறது. புகை நெருப்பை உறுதியாகக் காட்டுவது, நெருப்பின்றிப் புகை தோன்றாது என்ற விலகாத் தொடர்பு இருப்பதால். இரண்டு பொருள்கள் ஒருமுறை சேர்ந்து காணப்பட்டமை மட்டும் இத்தொடர்பை நிறுவாது. ஓரிடத்தில் கழுதையையும் கணிகையையும் சேரக் கண்ட ஒருவன், பின்னொரு நாள் ஒன்றைக் கண்டு மற்றொன்றை உய்த்துணர்தல் கூடாது என்று 29ஆம் காதை நகைச்சுவையோடு விளக்குவதன் கருத்தும் இதுவே. துன்பமும் தீவினையும் சேர்த்தே பேசப்படும் சமூகத்தில், துன்பத்தைக் கண்டதும் தீவினையை ஊகிப்பது ஆதிரைக்கு இயல்பாகிறது. அவ்வூகத்துக்கு விலகாத் தொடர்பின் அடிப்படை இல்லை.

வினைக்கோட்பாட்டை ஏற்ற காப்பியம், வினையை விரைந்து காரணமாக்கும் ஒரு பெண்ணின் முடிவைப் பிழையெனத் திருத்துகிறது. இதனால் காப்பியம் வினையை மறுக்கிறது என்பது பொருளன்று. வினை உண்மை என்பதும், இந்நிகழ்வுக்கு இன்னாரின் வினையே காரணம் என்பதும் வெவ்வேறு கூற்றுகள். முதலாவது கோட்பாடு, இரண்டாவது சான்று வேண்டும் துணிபு. இவ்வேறுபாட்டைக் காப்பியம் ஆதிரையின் துயரத்தினூடே காட்டுகிறது. அசரீரி ஒலித்திராவிட்டால், ஆராயாது கூறப்பட்ட ஒரு செய்தி உயிரோடிருக்கும் ஒருவனின் மனைவியை எரித்திருக்கும். அளவையியல் கற்றோருக்குரிய பொழுதுபோக்கு என்ற எண்ணத்துக்கு இந்நிகழ்வு போதிய மறுப்பாகும்.

5. காற்று என்னும் ஏது

ஊழை விலக்கிவிட்டால் ‘காற்றே காரணம்’ என்று நிறைவுகொள்ளலாமா? காப்பியமே அதற்கும் இடம் தரவில்லை. ஆபுத்திரன் சென்ற வங்கத்தையும் கடுங்காற்று தாக்கியது, கடல் கலங்கியது. பாயை இறக்கித் தீவில் தங்கியதால் அக்கலம் தப்பியது. ஆகவே ‘காற்று கடுமையாக வீசியது’ என்ற ஏது, கெட்ட கலத்துக்கும் கெடாத கலத்துக்கும் பொதுவாகிறது. பிழைத்தோரின் வாதத்தில் கண்ட அதே அநைகாந்திகம் இங்கும் நேர்கிறது. இரு நிகழ்வுகளுக்கும் இடையே காப்பியம் காட்டும் வேறுபாடு மாலுமிகளின் செயல். 14ஆம் காதையில் பாய் இறக்கப்பட்டது கூறப்படுகிறது; 16ஆம் காதையில் அவ்வாறான செயல் எதுவும் கூறப்படவில்லை. கூறப்படாமையைக் கொண்டு சாதுவனின் கலத்து மாலுமிகள் தவறினர் எனத் துணிந்தால், அதுவும் காணாமையை இன்மையாகக் கொள்ளும் பிழையாகிவிடும். காற்று மட்டும் போதிய காரணமாகாது என்ற அளவில் நிற்பதே முறை.

கலம் கெட்ட காரணத்தை ஆராயும் உலக வழக்கிலும் இவ்வேறுபாடே மையமானது. சுவீடன் நாட்டின் ‘வாசா’ என்னும் போர்க்கப்பல் 1628 ஆகஸ்ட் 10 அன்று, தன் முதற்பயணத்திலேயே, ஸ்டாக்ஹோம் துறைமுகத்திலிருந்து வெகுதொலைவு செல்லுமுன் மூழ்கியது. ஒரு காற்றுவீச்சில் சாய்ந்து, திறந்திருந்த பீரங்கிச் சாளரங்கள் வழியே நீர் புகுந்து அது அமிழ்ந்தது. காற்று வீசியது உண்மை. நீர் புகுந்ததும் உண்மை. ஆனால் சரியாகக் கட்டப்பட்ட கலம் தாங்கக்கூடிய காற்றே அது. கலத்தின் மேற்பகுதி கனம் மிகுந்து, அகலமும் அடிப்பாரமும் அதற்கு ஈடாகாமையே அதைச் சாயவைத்தது. விசாரணை நடந்தும் எவரும் தண்டிக்கப்படவில்லை. 1912இல் மூழ்கிய ‘டைட்டானிக்’ கப்பலைப் பற்றிய பிரித்தானிய விசாரணை, பனிப்பாறை மோதியதைக் கூறியதோடு நில்லாது, அம்மோதலுக்கு வழிவகுத்தது கப்பலின் மிகுவேகம் என்றும் உரைத்தது. பனிப்பாறை அண்மைக் காரணம். வேகம் அதற்கு முந்தைய காரணம்.

காரணங்களை இவ்வாறு தொடராகக் காண்பது மணிமேகலைக்கு அயலானதன்று. 30ஆம் காதை பேதைமை தொடங்கி வினைப்பயன் ஈறாகப் பன்னிரு சார்புகளை விரிக்கிறது. ஒன்றைச் சார்ந்து மற்றொன்று தோன்றும். ஒன்று அற்றால் அதைச் சார்ந்ததும் அறும். அது பிறவித் துன்பத்தைப் பற்றிய போதனை, கப்பலைப் பற்றியதன்று. ஆயினும் அதன் காரணக் கொள்கை தெளிவானது: ஒரு விளைவுக்கு ஒற்றைக் காரணத்தைத் தேடி நிறுத்தாமல், எக்கண்ணியை அறுத்தால் விளைவு நின்றிருக்கும் என்று வினவுவது.

29ஆம் காதையில் கம்பளச் செட்டியைக் குறிக்கக் கையாளப்படும் ‘மரக்கலம் கெடுத்தோன்’ என்ற தொடரும் இங்கு நினைக்கத்தக்கது. கலம் ‘கெட்டது’ என்பது தன்வினை. அவன் கலத்தைக் ‘கெடுத்தோன்’ என்பது பிறவினை. பழந்தமிழில் கெடுத்தல் என்பதற்கு இழத்தல் என்ற பொருளும் உண்டு. ஆதலால் இத்தொடரைக் குற்றச்சாட்டாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் கலத்தோடு பொறுப்புடைய ஒருவன் இருக்கிறான் என்பதை இத்தொடர் மறக்கவிடுவதில்லை. நீர்வழிச் செல்லும் புணைக்கு அத்தகைய பெயரை வழங்க இயலாது.

6. தீர்வுறாத ஒரு முரண்

இவ்வாசிப்புக்கு எதிராக ஒரு வலுவான தடையைக் காப்பியமே எழுப்புகிறது. கம்பளச் செட்டியின் கலம் கெட்டது. மகனை இழந்த சோழன் அவனைத் தேடித் துயருற்று இந்திர விழாவை மறந்தான். விழா ஒழிந்தமையால் சாபம் நேர்ந்தது. புகார் நகரைக் கடல் கொண்டது. ஒரு கலத்தின் கேட்டுக்கு இயற்கைச் சூழலை மட்டும் கூறிய காப்பியம், ஒரு நகரத்தின் கேட்டுக்குத் தெய்வச் சினத்தைக் காரணமாக்குகிறது. 29ஆம் காதையின் நெறியால் இதைச் சோதித்தால் என்னவாகும்?

அக்காதையின்படி அளவைகள் காண்டல், கருதல் என இரண்டே. ஆகமம், ஐதிகம் முதலிய பிறவற்றைக் கருதலுள் அடக்கிவிடுகிறார் அறவண அடிகள். அவ்வாறாயின் சாபத்தைப் பற்றிய கூற்றும் கருதலின் சோதனைக்கு உட்பட வேண்டும். விழா ஒழிந்தது, நகரம் அழிந்தது என்ற இரண்டும் அடுத்தடுத்து நிகழ்ந்தன என்பதற்கு மேல், ஒன்றின்றி மற்றொன்று நிகழாது என்ற விலகாத் தொடர்பு அங்கு நிறுவப்படவில்லை. இம்முரணைக் காப்பியம் தீர்க்கவில்லை. அறவண அடிகளே சாபச் செய்தியைக் கூறி, அடுத்து அதைச் சோதிக்கும் கருவியையும் மணிமேகலையின் கையில் தருகிறார். கருவியைச் செய்தியின் மேல் செலுத்துமாறு கூறுவதில்லை.

இதற்கு ஒரு விளக்கம் கூற இடமுண்டு. சாதுவனின் கதையில் தவறான காரணத்தால் பாதிக்கப்படுபவள் ஆதிரை என்ற தனிமனிதர். அங்குப் பிழை திருத்தப்படாவிட்டால் ஓர் உயிர் போகும். புகாரின் கதையில் நகரம் ஏற்கெனவே அழிந்துவிட்டது. காரணம் கூறுவது எஞ்சியோரின் நினைவுக்கு வடிவம் தருவது. விழாவைக் கைவிடாதிருக்க வேண்டும் என்ற அறிவுரை அதன் பயன். எனினும் இவ்விளக்கம் முரணைத் தணிக்குமேயன்றி நீக்காது. மணிமேகலையை முழுமையான பகுத்தறிவு நூலாகவோ, முழுமையான ஊழ் நூலாகவோ காட்டும் இருவகை முயற்சிகளும் இவ்விடத்தில் தடுமாறும் என்பதைத் திறனாய்வு ஒப்புக்கொள்ள வேண்டும்.

7. பெசன்ட் நகர்க் கரையும் தாம்பரம் வகுப்பறையும்

இந்நெறியைக் கொண்டு 2012ஆம் ஆண்டு நிகழ்வை நோக்குவது பொருத்தமானது. ‘புயல் கப்பலைக் கரையில் தள்ளியது’ என்பது செய்தியாக உண்மை. ஏதுவாக அது போதாது. ஒரே புயல் வீசிய கடலில் எல்லாக் கப்பல்களும் கரையில் தட்டவில்லை. எனவே இக்கப்பலுக்கும் பிறவற்றுக்கும் இடையே இருந்த வேறுபாடு யாது என்பதே வினாவாக வேண்டும். அப்போது பொதுவெளியில் எழுந்த கேள்விகளும் அத்தன்மையவே: கப்பலில் எரிபொருள் இருப்பு எவ்வளவு, மாலுமிகளுக்கு உணவும் ஊதியமும் முறையாகக் கிடைத்தனவா, நங்கூரம் ஏன் பிடிக்கவில்லை என்பன. காற்றை விடையாகக் கொண்டு நின்றால் இக்கேள்விகள் பிறந்திரா.

உயிரிழப்பைப் பற்றிய வினா இதனின் வேறானது. கேடுற்ற கப்பலில் இருப்போர் இறப்பர், உயிர்காப்புப் படகில் ஏறுவோர் பிழைப்பர் என்பது எவரும் கொள்ளத்தக்க காரணக் கருத்து. அன்று அது பொய்த்தது. கப்பல் நின்றது, படகு கவிழ்ந்தது. சாதுவனைப் பற்றிப் பிழைத்தோர் கொண்ட முடிவு எவ்வகையில் பிழைத்ததோ, அவ்வகையிலேயே இதுவும் பிழைத்தது. கலத்தின் கேடும் மாந்தரின் இறப்பும் தனித்தனிக் காரணம் உடையவை என்று காப்பியம் காட்டும் பாகுபாடு இங்கு உறுதிபெறுகிறது. இறந்தவர்களின் குடும்பத்தாருக்கு ‘அவர்கள் விதி’ என்ற ஆறுதலே எளிதில் கிடைக்கும். ஆறுதலுக்கு உரிய சொல் அது. விசாரணைக்கு உரிய விடை அன்று. ஆதிரைக்கு அசரீரி வழங்கியதும் உள்ளது உள்ளவாறான செய்தியே.

சென்னையின் தென்புறநகர் இவ்விரு அறிவுத்துறைகளும் அருகருகே வாழும் நிலம். 1993இல் நிறுவப்பெற்ற தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம், வேளச்சேரியையும் தாம்பரத்தையும் இணைக்கும் சாலையில் பள்ளிக்கரணையில் உள்ளது. 2008இல் தோன்றிய இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் சென்னை வளாகம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டியில் உள்ளது. 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கப்படுகிறது. கலத்தின் நிலைப்பாட்டைக் கணக்கிடும் மாணவரும், காப்பியத்தின் காதையைப் படிக்கும் மாணவரும் ஒரே சாலைகளில் பயணம் செய்கின்றனர். விபக்கத்தைத் தேடாமல் முடிவு கூறக்கூடாது என்ற பாடம் இருவருக்கும் பொது. தமிழ் மாணவருக்கு அப்பாடம் பாடநூலுக்குள்ளேயே இருக்கிறது. ஆதிரையைக் கற்பின் எடுத்துக்காட்டாக மட்டும் நடத்திவிட்டு, 29ஆம் காதையைக் கடினம் என்று கடந்துசெல்லும் வகுப்பறையில் அது கண்ணில் படாமற் போகிறது. 16ஆம் காதையையும் 29ஆம் காதையையும் சேர்த்துக் கற்பித்தால், ஒன்றின் துயரம் மற்றொன்றின் நெறிக்கு விளக்கமாகும்.

8. முடிவுரை

மணிமேகலையின் கலங்கேட்டு நிகழ்வுகளில், கலம் கெட்டதற்குக் காற்று முதலிய சூழலும், மாந்தர் காக்கப்பட்டதற்குச் சீலம் முதலிய அறமும் காரணங்களாகத் தனித்தனியே வைக்கப்பட்டுள்ளன. இரண்டையும் கலந்து ஊழ் என ஒரு சொல்லில் முடிப்பது காப்பியத்தின் பாகுபாட்டை அழிப்பதாகும்.

சாதுவன் இறந்தான் என்ற பிழைத்தோரின் முடிவு அநைகாந்திக ஏதுவின்மேல் எழுந்த காரணக் கருத்து. தான் தீவினையாட்டி என்ற ஆதிரையின் முடிவு விலகாத் தொடர்பு இல்லாத காரியக் கருத்து. இரண்டையும் கதை நிகழ்ச்சியே பொய்யாக்குகிறது. இவ்வாறு 29ஆம் காதையின் அளவையியல், முன்னரே கதையில் நிகழ்ந்த பிழைகளுக்கு இலக்கணமாக அமைகிறது. அது கதைக்கு வெளியே நிற்பதன்று.

புகாரைக் கடல் கொண்ட செய்தியில் காப்பியம் தன் நெறியைத் தானே செலுத்தவில்லை. அம்முரணை மறைக்காமல் வைத்துக்கொண்டே காப்பியத்தை வாசிப்பது நேர்மையான திறனாய்வாகும். கலம் ஒன்று கெட்டபின் கூறப்படும் காரணத்தை நம்பி மாந்தர் செயற்படுகின்றனர்; சிலர் தீயிலும் இறங்குகின்றனர். காரணத்தைச் சோதித்துக் கூற வேண்டிய கடமை அதனால் எழுகிறது. சாதுவன் சந்திரதத்தனின் கலத்தில் மீண்டு வந்தபோது அவனைப் பற்றிய எல்லா ஊகங்களும் முடிந்தன. மீண்டு வராதவர்களைப் பற்றிய வினாக்களுக்கு அத்தகைய காண்டல் கிடைப்பதில்லை. அங்குப் பிழையற்ற கருதல் ஒன்றே துணை.